மொட்டைமாடிப் போர்வையின் நிறம்

‘தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வலப்பக்க ஜன்னல்தான். கடலும் தீவுகளும் தெரியும்’ என்று போன தை மாதப் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். அதை நம்பி இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் காயல்பட்டினம், துபாய்க்குத் திரும்புகிறார்.

“அண்ணாச்சி, ஜன்னலத் தாங்களேன். எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்டாட்டி வீட்டுக்குக் குடிபோவணும். பிளேன் கிளம்புத நேரத்துக்கு அந்த வீட்டு மொட்டமாடியில நின்னு எம் பொண்டாட்டி போர்வைய ஆட்டுவா. என்ன கலருன்னு நான் சொல்லணும்.”

“இவ்வளவு தூரத்துக்குப் போர்வை தெரியுமா?”

“எங்க தெரியும்? போன தடவ பச்சன்னு அடிச்சுவிட்டேன். மஞ்சளாம். ஒரு வாரம் போன எடுக்கல.”

எழுந்து இடம் மாறுகிறேன். விமானம் இன்று கிழக்கே போகாமல் மேற்கே பார்த்துக் கிளம்புகிறது. காயல்பட்டினம் எதிர்ப்பக்க ஜன்னலுக்குப் போய்விடுகிறது; எங்கள் பக்கம் வெறும் பனங்காடு. எதிர் ஜன்னல்காரர் குறட்டை விடுகிறார்.

“போச்சு! நீங்களே ஒரு கலர் சொல்லுங்க அண்ணாச்சி.”

தேதி தவறாமல் குறிப்பெழுதுகிற நான், எதையும் பார்க்காமலே “சிவப்பு” என்கிறேன்.

சென்னையில் இறங்கியதும், “செவப்புதான புள்ள! நல்லா பாத்தேன்” என்று போனில் சத்தியம் செய்தபடியே அவர் துபாய் விமானத்துக்கு ஓடுகிறார். போர்வையின் உண்மையான நிறத்தை இதுவரை சரிபார்க்க முடியவில்லை.