அக்கா வீட்டுக் கரித்துணி

கரித்துணியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்தத் திருவண்ணாமலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அடுப்பிலிருந்து சூடான பாத்திரம் இறக்குகிற துணி. எண்ணெயும் கரியும் ஏறி, எந்தப் புடவையிலிருந்து கிழித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அதன்மேல்தான் எனக்கு அத்தனை வயிற்றெரிச்சல்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த கூட்டுக் குடும்ப வீட்டிலிருந்து வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நானும் கணவரும் பூனையும் வந்தோம். பழைய வீட்டில் கணவருடைய அண்ணனும் அண்ணியும் தங்கிவிட்டார்கள். அந்த அண்ணி எனக்கு ஓரகத்தி, நான் கூப்பிடுவது அக்கா. பௌர்ணமிக் கூட்டம் வடிந்தால்தான் அந்தத் தெருவுக்குள் வேன் நுழையும் என்பதால் காத்திருந்து சாமான் ஏற்றினோம். கிளம்பும்போது அக்கா ஒரு குண்டான் காரக்குழம்பைக் கரித்துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்.

"போனதும் இன்னா சமைக்கப் போற? இத்த எடுத்துனு போ."

அப்படித்தான் அந்தத் துணி என் வீட்டுக்குள் நுழைந்தது.

பூனை என்னுடையது. இதை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பேருந்து நிலையத்தில் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியை அலுவலகப் பையில் போட்டு எடுத்து வந்தவள் நான். ஆனால் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். பகல் முழுக்கப் பூனை அக்காவிடம். கரண்டியால் தட்டின் விளிம்பில் அவர் ஒரு தட்டுத் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வரும். மீன் வாங்கினால் தலை அதற்குத்தான். நான் கடையில் தேடி வாங்கிய தீனியை மோந்து பார்த்துவிட்டு, போனால் போகிறது என்பது போல ஒரு வாய் தின்னும். தனிக்குடித்தனம் போவதில் எனக்கிருந்த சந்தோஷத்தில் பாதி, இனி அந்தத் தட்டுச் சத்தம் கேட்காது என்பதுதான்.

அலுவலகத்தில் பூனை வளர்க்கும் தோழி ஒருத்தி இருந்தாள். "கொஞ்ச நாளைக்கு ஒரே ரூம்ல வைங்க. இப்பவே வெளிய உட்டீங்கனா பழைய வூட்டத் தேடிப் போயிடும். அதுக்குப் பழகின வாசனை இருக்கற துணி எதுனா போட்டு வைங்க" என்றாள். எங்கள் தெருவைத் தாண்டினால் வேலூர் சாலை. பேருந்தும் லாரியும் ஓய்வதே இல்லை. பூனை தப்பித்தால் ஒன்று அந்தச் சாலையில் அடிபடும், இல்லையென்றால் அக்காவிடம் போய்ச் சேரும். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று கேட்காதீர்கள்.

சின்ன அறையில் தண்ணீர், அது வெளிக்குப் போக மண் நிரப்பிய தட்டு எல்லாம் வைத்து, அட்டைப்பெட்டிக்குள் என் பழைய நைட்டியை மெத்தென்று மடித்துப் போட்டேன். பழகின வாசனை என்றால் வேறு யாருடையது? பூனை அந்த நைட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டது. சாப்பாட்டையும் தொடவில்லை. ஒருநாள் கதவு லேசாகத் திறந்திருந்தபோது நழுவிச் சமையலறைக்குள் ஓடியது. குண்டான் பக்கத்தில் கிடந்த கரித்துணியைக் கவ்வி இழுத்துவந்து, அதன்மேல் சுருண்டு, உர்ரென்று ஒரே குறட்டை. அன்றே சாப்பிட ஆரம்பித்தது.

கணவர் சிரித்தார். "அண்ணி வாசனை வந்தாதான் தொரைக்குத் தூக்கம் வருது பாரு."

அன்று அவருக்கு நான் சரியாகச் சாப்பாடு போடவில்லை.

பூனை தேறி வருகிறதே என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். முடியவில்லை. அறைக்குள் போகும்போதெல்லாம் அந்தத் துணி என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பிடுங்கி, சோப்புத்தூளில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வாசனைத் திரவத்தில் அலசி, மாடியில் காயப்போட்டேன். பூக்கடை போல மணத்தது. திரும்பக் கொண்டுவந்து போட்டதும் பூனை மோந்து பார்த்துத் தும்மியது. பழையபடி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்த மறந்து, தண்ணீர் கேன் வாங்க வாசல் கதவைத் திறந்தபோது, என் காலிடையில் புகுந்து பக்கத்துக் காலி மனைக்குள் ஓடியே போய்விட்டது.

மனை முழுக்க சீமைக்கருவேலம். அதற்கு அந்தப் பக்கம் சாலை. லீவு சொல்லிவிட்டு, முள்ளுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது. லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் சாலைவரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். கணவர் என்னைக் கேட்காமலே அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் அதே தட்டு, அதே கரண்டி, நெத்திலி போட்டுப் பிசைந்த சோறு. தட்டைச் சுற்றி இன்னொரு கரித்துணி. முள் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து தட்டினார். பூனை வந்துவிட வேண்டும் என்று மலையைப் பார்த்து வேண்டினேன். அவர் கூப்பிட்டு வந்துவிடக் கூடாது என்றும் சேர்த்தே வேண்டினேன். புதருக்குள் ஏதோ அசைந்தது, ஆனால் வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை. ஒரு நொடி குளுகுளுவென்று இருந்தது. அடுத்த நொடி பயந்துபோனேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஆபீஸ் செருப்பப் போட்டுனு, பைய மாட்டிக்கினு, தெருக்கோடிலருந்து நடந்து வா."

"எதுக்குக்கா?"

"சொல்றதச் செய்யேன்."

நைட்டியின் மேல் பையை மாட்டிக்கொண்டு, டக் டக்கென்று சிமெண்ட் சாலையில் நடந்து வந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ. வீட்டுக் கேட்டை நெருங்கும்போது, வாலைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள்ளிருந்து வந்து பூனை என் காலை உரசியது. அக்காவைத் தாண்டித்தான் வந்தது. அவர் நீட்டிய தட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

"அங்கியும் இதே கததான்" என்றார் அக்கா, உட்கார்ந்தபடியே. "நாள் பூரா நான் போடறதத் தின்னும். சாயந்தரம் ஆனா வாசப்படில போயி குந்திக்கும். உன் செருப்பு சத்தம் கேட்டுட்டா அப்புறம் நான் யாரோ. எவ்ளோ வயித்தெரிச்சலா இருக்கும் தெரியுமா எனக்கு?"

எனக்குத் தெரியாது. நான் வரும்போதுதான் அது எதேச்சையாக வாசலில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். கொண்டுவந்த கரித்துணியை அக்கா பெட்டிக்குள் விரித்தார். பக்கத்தில் கிடந்த பழைய துணியை எடுத்து மோந்து பார்த்தார்.

"துவச்சிட்டியா?"

"அழுக்கா இருந்துச்சிக்கா."

அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அதோட முடி ஒண்ணுகூட இல்ல. போவும்போது எடுத்துனு போலாம்னு இருந்தேன்."

பூனையைத் தூக்கி அவர் மடியில் நானே வைத்தேன். அது நெத்திலிச் சோற்றைத் தின்றுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டது. வயிறு எரியத்தான் செய்தது. எரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தபோது அக்கா எழுந்தார். கருநீலப் புடவையின் மடியெல்லாம் வெள்ளை முடி. தட்டிவிடாமலே போய் ஏறிக்கொண்டார்.