திமிங்கில எலும்பை நக்கியவன்

தொண்ணூறுகளில் பி.எஸ்சி. நிலவியல் முடித்த கையோடு, மாமல்லபுரம் பக்கம் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே காப்பாட்சியர் மேடத்தை அசத்திவிட வேண்டும் என்று ஒரே துடிப்பு. அலமாரியில் ஒரு திமிங்கில எலும்பு இருந்தது. கல்லாகிப்போன எலும்பு என்றால் நாக்கில் ஒட்டும் என்று படித்திருந்தேன். எடுத்தேன், நக்கினேன்.

மேடம் அலறிவிட்டார். உதவியாளர் மாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அத இன்னாத்துக்கு சார் நக்குனீங்க? பூச்சி அரிக்காம இருக்க ஆர்சனிக் போட்டுகீது சார், வெசம்!"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் மேடம் என் கையை விடவே இல்லை.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

"இட்லி. அப்புறம் கொஞ்சம் திமிங்கிலம்."

அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு மேடத்திடம் திரும்பினார்.

"நீங்க ரொம்ப வருஷமா அதையெல்லாம் வெறுங்கையாலயா தொடறீங்க? உள்ளங்கையைக் காட்டுங்க."

காட்டினார். தோல் தடித்து, சொரசொரப்பாக, கறுப்புப் புள்ளிகளோடு இருந்தது. "வயசாகுதுன்னு நெனச்சேன் டாக்டர்" என்றார் மெதுவாக. "வயசு இல்லம்மா, ஆர்சனிக்" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு ஜோக்கும் வரவில்லை.

நீண்ட சிகிச்சைக்குப் பிறகு மேடம் தேறினார். இன்று நானும் காப்பாட்சியர். அவ்வப்போது ஊழியர்களின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பேன். சார் கைரேகை ஜோசியம் பார்க்கிறார் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.