சிவகாமியின் கார் ஷெட்

1951-இல் கணவர் நாச்சியப்பன் ரங்கூனுக்குப் போனதும், திருமயம் பக்கத்து ஊரிலிருந்த சிவகாமி வீட்டுக் காரைத் தானே பராமரிக்கத் தொடங்கினாள். அவர் திரும்பும் நாளில் ஸ்டேஷனுக்கு அது போக வேண்டும். புதுக்கோட்டையில் ஸ்பேனர் கேட்டபோது கடைக்காரர் சிரித்தார். முந்தானையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து நீட்டினாள்.

"இதுக்குச் சரியா ஒக்காருறத எடுங்க."

டயர் கெடாதிருக்க ஜாக்கி வைத்துத் தூக்கி, வண்டியைக் கருங்கற்கள்மேல் நிறுத்தினாள். வாரந்தோறும் பிளக்குகளைத் துடைத்து எஞ்சினை ஓடவிட்டாள். பதின்மூன்று வருடம் அது ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை.

1964-இல் கணவரின் தம்பி அடைக்கப்பன் ரங்கூனிலிருந்து திரும்பினார்.

"அண்ணனுக்கு அங்கிட்டு வேற குடும்பம் இருக்கு, ஆச்சி. இனிமே வரமாட்டாக."

"பிள்ளைக இருக்கா?"

"மூணு."

சிவகாமி அவருக்குச் சோறு போட்டாள். அடுத்த வாரம் அவள் ஷெட்டுக்குப் போகவில்லை. அப்புறம் எந்த வாரமும் போகவில்லை.