பத்து எம்எம் துளை

தாமு இறந்த செய்தி வந்தபோது நான் தராசில் போல்ட்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். "பாய், தாமு அண்ணன் பூட்டாருபா. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போய்க்கினு இருந்தாரு, கம்பெனி பஸ்லயே சாஞ்சிட்டாரு" என்றான் ரமேஷ். போனை வைத்துவிட்டு, எடையை முடித்து, பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தாமுவும் அப்படித்தான் செய்திருப்பான். கையில் இருக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்திருப்பவர்களை அவனுக்குப் பிடிக்காது.

உங்களில் பாதிப்பேருக்கு அவன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டூல்ரூம் ஃபிட்டர். மீதிப்பேருக்கு, ரமேஷ் நடத்தும் மெல்லிசைக் குழுவில் ஓரமாக நின்று கிதார் வாசித்தவன். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு இரண்டு தரப்பும் வந்திருந்தீர்கள். படத்துக்குக் கீழே மாலை போட்டு நிறுத்தியிருந்த அவன் கிதாரைச் செல்போனில் படம் பிடித்தீர்கள். அதன் தலையில், கம்பி முறுக்கும் இடத்தில், தங்க நிறத்தில் ஆறு புது கீ மின்னியது. "சோக்கா பண்ணிக்கிறாங்க" என்று என் காதுபடவே சொன்னீர்கள். நான் சாப்பிடாமல் கிளம்பியதற்குக் காரணம் கேட்டு அப்புறம் பலர் போன் செய்தீர்கள். யாருக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அன்று வாயைத் திறந்திருந்தால் அசிங்கமாகியிருக்கும். இப்போது எழுதுகிறேன்.

நான் பழவேற்காட்டுக்காரன். தொழிற்பேட்டை கேட்டுக்கு வெளியே சாக்கு விரித்து, கம்பெனிகள் கழித்துப்போட்ட நட்டு போல்ட்டைத் தரம் பிரித்து விற்று மேலே வந்தவன். இன்று எனக்கென்று ஹார்ட்வேர் கடை இருக்கிறது. கேட்டதை எடுத்துக் கொடு, எதற்கென்று கேட்காதே, கேட்கும் நேரத்தில் அடுத்த ஆளைக் கவனிக்கலாம் என்பதுதான் என் வியாபாரம். தாமு முதல்முறை கடைக்கு வந்து பித்தளை ராடு கேட்டபோதும் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் ஒரு காந்தத்தோடு வந்து நின்றான். ராடை மேசையில் வைத்து, காந்தத்தை அதன்மேல் விட்டான். ஒட்டிக்கொண்டது.

"பாய், இது பித்தள இல்ல. பித்தள பூசின இரும்பு."

"திரைச்சீலை மாட்ட எல்லாரும் இதத்தான்பா வாங்கறாங்க."

"நான் திரைச்சீலன்னு சொன்னனா? இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த நீ கேட்டியா?"

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் கேட்டது நியாயம். உள்ளே போய் அசல் பித்தளையை எடுத்து வந்தேன். அன்று ஆரம்பித்த பழக்கம்.

அந்த ராடு அவன் கிதாருக்கு. பழைய காலத்து மாடலைப் பார்த்துப் புதிதாகச் செய்த எலெக்ட்ரிக் கிதார் அது. அடியில் கம்பிகள் வந்து உட்கார மூன்றே மூன்று உருளைகள். இரண்டு கம்பிக்கு ஓர் உருளை. ஒரு கம்பிக்குச் சுருதி சரிசெய்தால் பக்கத்துக் கம்பி பிசகும். ரமேஷ் ரிகர்சலில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான்: "இன்னா அண்ணே, ஒரு பாட்டுக்கு ரெண்டு சுருதி வெச்சிக்கிற?" தாமு மூன்று வாரம் லேத்தில் நின்று, துளை கொஞ்சம் சாய்ந்து போகிற மாதிரி மூன்று பித்தளை உருளை கடைந்தான். உருளை சாய்ந்து நின்றால் இரண்டு கம்பிக்கும் வேறு வேறு நீளம் கிடைக்கும். முதல் இரண்டு செட்டைத் தானே தூக்கிப் போட்டான். மூன்றாவது செட்டை மாட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலுக்கு என்னையும் கூட்டிப்போனான். ஒரு பாட்டு முடிந்ததும் ரமேஷைப் பார்த்து, "கீபோர்டுதான் கொஞ்சம் எறங்கிக்கிது போல, பாத்துக்கோ" என்றான். ரமேஷ் அன்று முழுக்க முறைத்துக்கொண்டே வாசித்தான்.

கழற்றிய பழைய உருளைகளை அவன் எறியவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு, எது எந்தக் கம்பிக்கு என்று சீட்டு எழுதி வைத்தான். புது அச்சு நன்றாக ஓடுகிறது என்று தெரியும்வரை பழைய அச்சை டூல்ரூமில் யாரும் உடைக்க மாட்டார்களாம். "எத வேணா மாத்து பாய். ஆனா திரும்பிப் போறதுக்கு வழி வெச்சிக்கினு மாத்து" என்பான்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். கம்பியை முறுக்கும் கீ அடிக்கடி நழுவுகிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பாரிமுனையில் தெரிந்தவர் மூலம், கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் ஆறு கீ வரவழைத்தேன். தங்க முலாம். கடையில் எல்லார் எதிரிலும் கையில் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தான், வெர்னியரை எடுத்து அளந்தான், மூடினான்.

"இதுக்குப் பத்து எம்எம் ஓட்ட வேணும். இதுல இருக்கறது எட்டே முக்கா."

"ட்ரில் போட்டா ரெண்டு நிமிச வேலப்பா."

"ரெண்டு நிமிசம்தான். அப்பால அந்தப் பத்தத் திரும்ப எட்டே முக்கா ஆக்கி நீ குடுப்பியா?"

என் பரிசை என் கடையிலேயே வைத்து அவமானப்படுத்துகிறான் என்று நினைத்தேன். ஒரு மாதம் பேசவில்லை. பழைய துளைக்கே பொருந்துகிற நல்ல கீயை எங்கேயோ தேடி வாங்கி மாட்டிக்கொண்டு, அவனாகத்தான் வந்தான். "உன் பொட்டி என் பீரோல கீது. கோச்சிக்காத. நாஷ்டா துன்ன வா" என்றான். பெட்டியைத் திருப்பிக் கேட்க எனக்கு ரோஷம். திருப்பிக் கொடுக்க அவனுக்குச் சங்கடம். அது பீரோவிலேயே கிடந்தது.

படத்திறப்புக்கு முன் தாமு மனைவி வசந்தா, அவன் கிதாரில் யாராவது ஒரு பாட்டு வாசித்தால் போதும் என்று ரமேஷிடம் கேட்டிருக்கிறாள். கேட்டது அவ்வளவுதான். ரமேஷ் கிதாரை வாங்கும்போது பீரோவில் அந்தப் பெட்டியையும் பார்த்திருக்கிறான். தாமு ஆசையாக வாங்கி, மாட்ட நேரமில்லாமல் போய்விட்டான் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். கிதாரையும் பெட்டியையும், கூடவே இருந்த அந்தப் பிஸ்கட் டின்னையும் எடுத்துக்கொண்டு போனவன், அடுத்த நாள் காலை என் கடைக்கு வந்தான்.

"பாய், பத்து எம்எம் ட்ரில் பிட்டு ஒண்ணு குடு."

"இரும்புக்கா, மரத்துக்கா?"

"மரம்."

கொடுத்தேன். அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கை ட்ரில்லை வைத்துத் துளைத்திருக்கிறான். ஆறில் இரண்டு கோணல். ஒன்றில் மரம் விரிசல் விட்டிருந்தது. நீங்கள் எடுத்த படத்தில் மாலைக்குப் பின்னால் தேடினால் தெரியும். கம்பியை ஏற்றினால் சுருதி நிற்கவில்லை. அதனால் அன்று அந்தக் கிதாரை யாரும் வாசிக்கவில்லை. ரமேஷ் கீபோர்டில் கிதார் சத்தத்தைப் போட்டு வாசித்தான். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். வசந்தா என் பக்கத்தில் வந்து கேட்டாள்: "பாய், அவரு இருந்தா அதுல ட்ரில்லு வெக்க உட்டிருப்பாரா?"

ரமேஷைத் தனியே இழுத்துப்போய், பழைய கீ எங்கே என்றேன். "பழசு இன்னாத்துக்கு பாய்? பழைய இரும்புக்காரன் வந்தான், டின்னோட போட்டுட்டேன்" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம், கீயும் என்னுடையது, பிட்டும் என்னுடையது. அவன் கை மட்டும்தான் இரவல்.

இந்த ரோட்டில் எந்த இரும்புக் கடைக்கு எந்த வண்டி போகும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது கடையில் குவியலில் உட்கார்ந்து, இருபது வருடம் கழித்து மறுபடியும் கையால் தரம் பிரித்தேன். கடைக்காரன் நாற்காலி போட்டான், உட்காரவில்லை. டின் பழைய உருளைகளோடு நசுங்கிக் கிடந்தது. கீ ஐந்து கிடைத்தது. ஆறாவது போனது போனதுதான். அந்த இடத்தில் வேறு கீ போட்டோம். தாமுவின் டூல்ரூம் நண்பர்கள் வெளியே ஒரு லேத்தில், துளைக்குள் செருக ஆறு பித்தளை வளையம், புஷ், கடைந்தார்கள், வெளி விட்டம் பத்து, உள் விட்டம் எட்டே முக்கால். கோணலை அடைத்து நேராக்கி, விரிசலைப் பசை விட்டு இறுக்கினார்கள். ஆரம்பாக்கத்தில் தாமு வீட்டுக்குக் கொண்டுபோய் வசந்தாவிடம் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலாவது கொஞ்சம் ஏத்தணும் பாய்" என்றாள். ஏற்றினோம். சரியாக இருந்தது.

என்னிடம் அவனுடையதாக இருப்பது அவன் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான். இப்போது யார் எதைக் கேட்டாலும் "எதுக்கு?" என்கிறேன். "இன்னா பாய், போலீஸ் ஸ்டேஷனா இது, ஒரே பேஜாரா கீது" என்று பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

போன வாரம் ரமேஷ் வந்தான். கண்ணைப் பார்க்காமல், மூன்று இஞ்ச் ஆணி ஒன்று கேட்டான்.

"எதுக்கு?"

"ரிகர்சல் ஷெட்டுல அண்ணன் படம் மாட்டணும் பாய்."

ஆணியை அவன் கையில் கொடுக்கவில்லை. சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நானே போனேன்.