தப்பு எழுதுகிற நோட்டு

பெரியநாயக்கன்பாளையத்துப் பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து மோகனப்பிரியா வருகிறாள் என்றால் பட்டறைக்காரர்கள் உஷாராகிவிடுவார்கள். அவர்கள் இரும்பை உருக்கி வார்த்து அனுப்பும் காஸ்டிங்குகளைச் சோதித்து வாங்குவது அவள் வேலை. முடி அளவு விரிசல் தெரிந்தாலும் சிவப்புச் சீட்டை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். புதுப் பட்டறையைப் பார்க்கப் போனால், மேசைமேல் பளபளவென்று அடுக்கி வைத்த சாம்பிளைத் தொடக்கூட மாட்டாள். "ரிஜெக்ட் ஆன பீஸெல்லாம் எங்கீங்க போட்டிருக்கறீங்க?" என்று கேட்டுக்கொண்டே நேராகப் பின்பக்கம் போய்விடுவாள். "எங்ககிட்ட ரிஜெக்‌ஷனே கெடையாதுங்க" என்று எவராவது பெருமை பேசினால் அத்தோடு சரி, அந்தப் பட்டறைக்கு ஆர்டர் கிடையாது. ஒன்றுகூடக் கெட்டுப்போகாத பட்டறை உலகத்தில் இல்லை, ஒளித்துவைக்கிற பட்டறைதான் உண்டு என்பது பதினோரு வருடத்தில் அவள் கண்ட உண்மை.

அப்பேர்ப்பட்டவள் கம்பெனி கேட்டைத் தாண்டிவிட்டால் வேறு ஆள். அடுத்தவர் வீட்டில் தொண்டை வறண்டாலும் தண்ணீர் கேட்க மாட்டாள். காபி வேணுங்களா என்றால், "இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வாரேன்" என்பாள். குடித்திருக்க மாட்டாள். கேட்டால் என்ன நினைத்துக்கொள்வார்களோ என்கிற கூச்சம். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. மூன்று வயது மகள் நித்யஸ்ரீக்கு வீட்டில் வாய் ஓயாது. வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு.

அந்தப் பூட்டால்தான் வினை வந்தது. முதலில் சேர்த்த பள்ளியில் ஒருநாள் ஒண்ணுக்குப் போய் நனைந்த துணியோடு அரைநாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் குழந்தை. யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் உடை மாற்றும்போது பார்த்தால் இரண்டு தொடையும் வெந்து சிவந்திருந்தன.

"மிஸ்கிட்ட ஏங் கண்ணு சொல்லலை?"

"மிஸ் வேலையா இருந்தாங்கம்மா."

மோகனப்பிரியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவளாக இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். மறுநாள் பள்ளிக்குப் போய் நாலு கேள்வி கேட்டாளா? "பரவாயில்லீங்க, இனிமேட்டுக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பரவாயில்லையாம்! ஸ்கூட்டியில் திரும்பும்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்தி, பத்து நாள் லீவு போட்டாள். கணவனுக்கு ஓசூரில் வேலை, வாரம் ஒருநாள்தான் வருவான். லீவு முடிவதற்குள் தன் பிள்ளை வாய் திறந்து கேட்கிற மாதிரி ஒரு இடம் கிடைத்தாக வேண்டும்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாகத் திறந்த பள்ளிக்குப் போனாள். ஏசி உண்டு, மூலைக்கு மூலை கேமரா உண்டு, சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியவள், படி இறங்கும்போதுதான் தைரியம் வந்து கேட்டாள். "ஏனுங்க மேடம், புள்ளைங்க அழுதா என்ன பண்ணுவீங்க?"

"எங்க ஸ்கூல்ல புள்ளைங்க அழறதே இல்லைங்க" என்றார் மேடம்.

இதே பேச்சை எத்தனை பட்டறையில் கேட்டிருக்கிறாள்! அட்மிஷன் பாரத்தை நிரப்பாமலே பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

லீவில் இரண்டு நாள் மிச்சமிருந்தபோது உம்மல் குல்சும் வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டாள். இரண்டு தெரு தள்ளி, தன் வீட்டுக் கூடத்திலேயே எட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். சமையலுக்கும் கூடமாட உதவிக்கும் பங்காரம்மா. இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து நின்ற உம்மல் குல்சுமிடம், மோகனப்பிரியா கேட்டேவிட்டாள்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இங்க என்னென்ன தப்பு நடக்குமுங்க?"

உம்மல் குல்சும் பிரிட்ஜ் மேலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

"அன்னன்னிக்கு நடந்ததை எழுதிப்போடுவேனுங்க. சாயங்காலம் பெத்தவங்க படிச்சுக் கையெழுத்துப் போடோணும். இதைப் பாத்துப்போட்டு ரெண்டு பேரு, வேண்டாமுங்கன்னு போயிட்டாங்க."

மோகனப்பிரியா படித்தாள். 'யஷ்வந்த் கையை அர்ஷத் கடித்துவிட்டான். நான் அடுப்படியில் இருந்தேன், பார்க்கவில்லை.' 'யுஸ்ரா சோறு சாப்பிடவில்லை. குழம்பில் காரம் கூடிவிட்டது.'

"அந்தக் கொழம்பை எத்தனை நாளைக்குத்தான் படிப்பீங்க?" என்று அடுப்படியிலிருந்து பங்காரம்மாவின் குரல் வந்தது.

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் சிரிப்பு. "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமுங்களா?" என்று கேட்டாள்.

நித்யஸ்ரீயை அங்கேயே சேர்த்தாள். முதல் வாரம் நோட்டில் தினமும் ஒரே வரிதான். 'நித்யஸ்ரீ பேசவில்லை. நானாகத்தான் பாத்ரூம் கூட்டிப்போனேன்.' படித்துக் கையெழுத்துப் போடுவாள், இரவெல்லாம் புரண்டு படுப்பாள். ஒன்பதாம் நாள் அழைத்துப்போக வந்தபோது, நோட்டை நீட்டிய உம்மல் குல்சும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

'நித்யஸ்ரீ வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, ஒண்ணுக்குப் போகணும் என்றாள். யுஸ்ராவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் கண்ணு என்றேன். அதற்குள் நனைந்துவிட்டது. உடனே கழுவி மாற்றிவிட்டேன். தப்பு என்னுடையது.'

நனைந்துவிட்டது என்ற இடத்தில் மோகனப்பிரியாவுக்குப் பழைய பள்ளி ஞாபகம் வந்தது. பிறகு மறுபடியும் முதல் வரிக்குப் போனாள்.

"மன்னிச்சுக்குங்க அம்மணி" என்றார் உம்மல் குல்சும்.

"அவளா வந்து கேட்டாளுங்களா அக்கா?"

"கேட்டாளுங்க. நாந்தான் எந்திரிக்கறதுக்குள்ள..."

"அவளே வந்து முந்தானையைப் புடிச்சு இழுத்தாளுங்களா?"

மோகனப்பிரியாவுக்குக் கண் நிறைந்து எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. குறை எழுதிய தாள் ஒன்றில் இவ்வளவு சந்தோஷமாக அவள் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை.

செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டிருந்த நித்யஸ்ரீ நிமிர்ந்து உம்மல் குல்சுமைக் கைகாட்டினாள். "நா அத்தைகிட்டச் சொல்லிப்போட்டேன்மா. நாளைக்கு நாங் கூப்பிட்டா வெரசா வரோணும்னு."