பிரஸ் மெஷின்ல பாட்டு கேட்டவன்

எவனுக்கும் தெரியாத பேண்டுங்கள தேடிப் புடிச்சு கேக்கறது எனக்கும் என் மச்சானுக்கும் ஒரு வெறி. மச்சான்னா சும்மா கூப்பிடற மச்சான் இல்ல, சொந்த தாய்மாமன் மகன். ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்துல ஒரே லயத்து வீட்டு வரிசைல வளந்தோம். ஸ்கூல்ல ஃபிஃப்த் ஃபார்ம் முடிச்சதும் நான் கே.எல்.ல படிக்கப் போயிட்டேன். மாமா குடும்பம் புக்கிட் ரம்பாய்ல தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறிப் போச்சு. அங்கயே தகடு அடிக்கிற கம்பெனில மச்சானுக்கு வேல. பிரஸ் மெஷின். மேலருந்து எறங்கி ஒரே அடி, தகடு மூடியாகி வெளிய விழும்.

கேசட்டெல்லாம் தெங்கேரால ஒரு பழைய சாமான் கடைல புடிக்கறது. பழைய வீட்ட காலி பண்றவங்க பெட்டி பெட்டியா கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க. செமஸ்டர் லீவு விட்டா மொத வேல அங்கதான். என் ரூல் சிம்பிள். ரேடியோல வர்ற ஆளுங்க வேணாம். கவர திருப்பிப் பாரு. ஒரே பாட்டு ஒரு பக்கம் முழுக்க ஓடுதா, எடு. ராக் பேண்டுல எவனாச்சும் புல்லாங்குழல், செல்லோன்னு வாசிக்கறானா, யோசிக்காம எடு. பேண்டு பேரு இங்க எழுத மாட்டேன். பேரு தெரிஞ்சா எல்லாரும் பேரத்தான் பேசறானுங்க, பாட்ட ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான்.

மொத மொத நாங்க சேந்து கேட்டது இத்தாலிக்காரனுங்க ஒரு பேண்டு. சர்ச் ஆர்கன், புல்லாங்குழல், நடுவுல திடீர்னு பேய் புடிச்ச மாதிரி ட்ரம்ஸ். மச்சான் தலைய சொறிஞ்சான். "என்னடா இது, கால் தட்டினா வழுக்கிக்கிட்டே போகுது?"

"நாலு நாலா எண்ணாத லா. ஏழு எண்ணு."

எண்ணினான். மூணாவது சுத்துல புடிச்சிட்டான். அன்னைக்கு அவன் மூஞ்சிய பாக்கணுமே! அப்புறம் ஜப்பான்காரனுங்க, ஹங்கேரி, எதக் குடுத்தாலும் கால்ல எண்ணிக்கிட்டே கேப்பான். எனக்கும் பெரும தாங்கல.

ரெண்டாவது வருசம், லீவுல ஒரு ஜாஸ் கேசட்டு கொண்டு போனேன். போலந்துக்காரனுங்க மூணு பேரு. பியானோ, ஆள் ஒசர டபுள் பாஸ், ட்ரம்ஸ். சிம்பல் தட்டு மேல குச்சியால அப்படியே தூறல் மாதிரி அடிச்சிக்கிட்டே இருப்பான், ஒரு எடத்துல கூட நிறுத்த மாட்டான். மச்சான் ஹால்ல படுத்துக்கிட்டு கேட்டான்.

"பியானோ நல்லாருக்கு. ட்ரம்ஸ்காரன் எங்க, எம்.சி. லீவா?"

நான் சிரிச்சிட்டேன். "டேய், மொதல்லருந்து அவன்தான் அடிக்கிறான்."

"எங்க? உன் கேசட்டு கெட்டுப்போச்சு போ."

அவன் கைல கட்டியிருந்த டிஜிட்டல் வாட்ச் கத்துச்சு. பீப் பீப் பீப். அவன் பாட்டுக்கு ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு இருக்கான். "வாட்ச நிறுத்து லா"ன்னேன். என்னப் பாத்தான், வாட்சப் பாத்தான், கைய தூக்கி வாட்ச காதோட வச்சு அமுக்கினான். இன்னும் கத்திக்கிட்டுதான் இருக்கு.

"பேட்டரி வீக்கு போல"ன்னான்.

"எனக்கு கேக்குது, மச்சான்."

குசினிலருந்து அத்தை, "எத்தன வாட்டி கூப்புடறது? இவனுக்கு வர்றவ கோயில் மணியோடதான் வரணும் போல"ன்னு கத்துனாங்க. ரெண்டு பேரும் சிரிக்கல.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். கண்ணாடி வச்ச சின்ன ரூம்ல உக்கார வச்சு, ஹெட்ஃபோன மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்கச் சொன்னாங்க. நான் வெளிய நர்ஸ் மிஸ்ஸி பக்கத்துல நின்னேன். மொதல்ல கட்டவிரல் டக்கு டக்குன்னு அமுக்குச்சு. அப்புறம் மிஸ்ஸி ஏதோ திருப்புனாங்க, சத்தம் போகுதுன்னு லைட் எரிஞ்சுச்சு, அவன் விரல் அசையல. இன்னும் கூட்டுனாங்க. அசையல. கண்ண மூடிக்கிட்டு அவ்வளவு கவனமா காத்துக்கிட்டு இருக்கான், பரிட்ச எழுதற பையன் மாதிரி.

டாக்டர் நேராவே சொன்னாரு. கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் ரெண்டு காதுலயும் போயிருச்சு, போனது திரும்பாது. மெஷின் பக்கத்துலயே நின்னா மிச்சமும் போகும்.

வெளிய வந்து மோட்டார் சைக்கிள நிப்பாட்டுன எடத்துல வச்சு ஏசினேன். "காதுல வைக்க கம்பெனில பிளக் குடுக்கலயா?"

"குடுத்தாங்க. கழட்டிருவேன்."

"மண்டைல மூள இருக்கா உனக்கு?"

சாவிய நோண்டிக்கிட்டே சொன்னான். "என் லைன்ல மூணு மெஷினு, மச்சான். ஒன்னு மெதுவா அடிக்கும், ஒன்னு வேகம், என்னோடது நடுவுல. ஒவ்வொரு அடிக்கும் பின்னால ஸ்ஸ்னு காத்து வரும். ஒன்னோட ஒன்னு சேராது, ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு எடத்துல மூணும் ஒன்னா வந்து விழும் பாரு, உடம்பே சிலுத்துக்கும். நீ அந்த இத்தாலி கேசட்டு குடுக்கறதுக்கு முன்னாடி அது எனக்கு வெறும் எரைச்சல். பிளக்க மாட்டிக்கிட்டுதான் நின்னேன். அப்புறம் ஒரு நாள் சும்மா எண்ணிப் பாத்தேன். பிளக் போட்டா பாதி போயிருது லா. அதான்."

இருந்தாலும் நான் விடல. "ஸ்டோருக்கு மாத்தச் சொல்லு."

"ஸ்டோர்ல என்ன இருக்கு? அட்டப்பெட்டி."

"மெஷின விடற வரைக்கும் இனிமே கேசட்டு கெடையாது."

"பரவால்ல. எனக்கு மெஷின் இருக்கு."

பஸ் ஸ்டேசன்ல எறக்கி விட்டுட்டு திரும்பிக் கூட பாக்காம போயிட்டான்.

அதுக்கப்புறம் மாசக்கணக்கா நான் போன் போடல, அவனும் போடல. தெங்கேரா பக்கமே போகல. தீபாவளிக்கு அவனே எங்க வீட்டுக்கு வந்தான். அம்மா குடுத்த முறுக்க கைல வச்சுக்கிட்டு, கடிக்காம உக்காந்திருந்தான்.

"மெஷின விட்டுட்டேன்"னான்.

"எப்போ?"

"வேகமா அடிக்கிற மெஷின்ல ஸ்ஸ் நின்னு போச்சு. காத்து வர்ற ஓஸ் பைப் அந்து போச்சுன்னு ஃபோர்மேன கூப்ட்டேன். அந்தாளு வந்து பாத்தாரு, என் கையப் புடிச்சு ஓஸ் முன்னால வச்சாரு. காத்து அடிக்குது, மச்சான். கைல அடிக்குது, சட்ட ஆடுது. சத்தம் மட்டும் இல்ல." முறுக்க தட்டுல வச்சுட்டான். "அன்னைக்கே ஸ்டோருக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஸ்டோர் எப்படி இருக்கு?"

"அமைதி. காதுக்குள்ள மட்டும் ஒரு விசில். அது லீவே எடுக்க மாட்டேங்குது."

கேசட்டு இருக்கான்னு அவன் கேக்கல.

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து என் ரூல மாத்திக்கிட்டேன். கெடச்ச கேசட்ட எல்லாம் மேல் சத்தம் வராம ட்ரெபிள சுத்தமா கொறச்சு வச்சுக் கேட்டேன். "ஏன்டா, ரேடியோவ தண்ணிக்குள்ள போட்டுட்டியா?"ன்னு ரூம்மேட் கிண்டல் பண்ணான். நான் உயிரா நெனச்ச பேண்டுங்க எல்லாம் கஞ்சி மாதிரி ஆயிப் போச்சு. இத்தாலிக்காரனுங்களே காலி. கடைசில பெல்ஜியத்துக்காரனுங்க ஒரு பேண்டு நின்னுச்சு. பசூன்னு ஒரு நீளமான மரக் குழல், அடித்தொண்டைல பேசற மாதிரி. அதோட செல்லோ, தோல் அதிர்ற ட்ரம்ஸ். பொணம் தூக்கிட்டுப் போற நடை. ட்ரெபிள கூட்டிக் கேட்டேன், கொறச்சுக் கேட்டேன். பெரிய வித்தியாசம் இல்ல.

அடுத்த லீவுக்கு எடுத்துட்டுப் போனேன். அவங்க வீட்டு ஹால்ல உக்காந்து, குனிஞ்ச தல நிமிராம ஒரு பக்கம் முழுக்க கேட்டான். கால் எண்ணிச்சு. டேப் நின்னதும் என்னப் பாக்காமயே கேட்டான்.

"இதுல எனக்குக் கேக்காதது எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"பொய் சொன்ன, ஒதைப்பேன்."

"நெசமா லா. பாத்துதான் எடுத்தேன்."

கேசட்ட வெளிய எடுத்தான், திருப்பிப் போட்டான்.