கைதட்டல் வாங்கிய மொழிபெயர்ப்பு

நேற்று அக்கா மகள் தன் கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுத் தலைவரின் பேச்சைக் காட்டினாள். அவர் பேசப் பேசக் கீழே தமிழ் எழுத்துகள் ஓடின. "எம்புட்டு வேகம் பாத்தீகளா சித்தி?" என்றாள். நானும் ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவள்தான் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

உங்களிடம் சொல்கிறேன். உலகம் இரண்டு அணியாகப் பிரிந்து கிடந்த காலம். எந்த அணி ஜெயிக்கும் என்று எங்கள் டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேர் மதுரையைத் தாண்டியதில்லை. நானும்தான். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து தொழிற்சங்கப் பெண்மணி ஒருவர் சிவகாசியில் பேச வருகிறார், இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று இங்கத்திய சங்கச் செயலாளர் கேட்டதும், சேலைக்குக் கஞ்சி போட்டுத் தயாராகிவிட்டேன். தலைக்கனம், வேறென்ன.

அன்று காலை அவரை நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு அழைத்துப்போனோம். மருந்து அடைக்கும் அறையில் பேச்சியம்மாள் என்றொரு பெண். முழங்கைவரை அலுமினியப் பவுடர் படிந்த அவள் கையை அந்த அம்மாள் தயங்காமல் பிடித்துக்கொண்டார். "ஒட்டிக்கிரும், கைய விடச் சொல்லுங்க டீச்சர்" என்று பேச்சியம்மாள் நெளிந்தாள். அந்த அம்மாளோ அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு கதவில் மூன்றை, லோடு ஏற்றக் கட்டிவைத்த பெட்டிகள் அடைத்து நின்றன.

மாலைக் கூட்டத்தில், உங்கள் போராட்டமும் எங்கள் போராட்டமும் ஒன்று என்றதுவரை எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சொன்னேன். பிறகு அவர் குரலை உயர்த்தி, கைகளை முன்னால் தள்ளிக் காட்டி, "காலையில் நான் பார்த்த அறையில் மூன்று கதவுகள் அடைபட்டிருந்தன. அவற்றைத் திறக்கும்வரை உள்ளே போகாதீர்கள்" என்றார்.

செயலாளர் என் காதருகே குனிந்தார். "அத விட்ருங்க டீச்சர். கம்பெனிக்காரக முன்னால உக்காந்துருக்காக."

அவர்களில் ஒருவர் எங்கள் பள்ளிக் கமிட்டியிலும் இருந்தார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. மைக்கில் சொன்னேன்: "உலகத் தொழிலாளர்கள் எல்லாரும் உங்களுக்குத் துணை நிற்கிறார்கள்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. தான் சொன்னதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று நம்பி அந்த அம்மாள் கண்கலங்கிக் கும்பிட்டார்.

கூட்டம் கலைகையில் பேச்சியம்மாள் என்னிடம் வந்தாள். "கையத் தள்ளித் தள்ளிக் காமிச்சாகளே, என்ன சொன்னாக டீச்சர்?"

"நமக்கு நல்ல காலம் வரும்னு சொன்னாங்க."

"நல்ல மனுசி" என்றாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த அறை வெடித்தது. திறந்திருந்த கதவருகே இருந்த இருவர் பிழைத்தார்கள். பேச்சியம்மாள் மறுகோடியில் இருந்தாள். இரங்கல் கூட்டத்தில் செயலாளர் உலகத் தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நான் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் கழிந்து ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கைதட்டலை மறக்க முடியவில்லை, கதவுகளைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டிருந்தார். பதில் எழுதுவதும் கிழிப்பதுமாகவே வருஷங்கள் போயின. அதற்குள் அவருடைய நாடே உலகப் படத்தில் இல்லாமல் போயிற்று.

கூட்டம் நடந்த மைதானத்தில் இன்று கல்யாண மண்டபம் நிற்கிறது. செயலாளரும் முன்வரிசைக்காரர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அன்று அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று தெரிந்தவள் இந்த ஊரில் இப்போது நான் ஒருத்திதான். கேட்கத்தான் யாரும் இல்லை.